லேசர் கட்டிங்: வெளிக்கோடு கடைசியில்தான்

கேள்வி: 3 மி.மீ. அக்ரிலிக்கில் பெயர் போட்ட கீசெயின் செய்து விற்கிறேன். கோரல் டிராவில் வரைந்து, லேசர் மெஷினை ஓட்டும் மென்பொருளான லைட்பர்னில் திறந்து வெட்டுகிறேன். சில துண்டுகளில் வளையம் மாட்டும் ஓட்டை தள்ளிப்போய்விடுகிறது, பெயர் சாய்கிறது, சில ஓரங்கள் உருகி அசிங்கமாக இருக்கின்றன. மெஷினில் பெல்ட் தளர்ந்துவிட்டதா?

பதில்: பெல்ட் தளர்ந்திருந்தால் ஷீட் முழுக்கவே கோணலாக வரும். "சில துண்டுகளில்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் நான் முதலில் ஃபைலைத்தான் சந்தேகப்படுவேன்.

வெளிக்கோடு வெட்டி முடிந்த நொடியே அந்தத் துண்டுக்கு ஷீட்டோடு பிடிமானம் போய்விடுகிறது. ஷீட்டுக்கு அடியில் இருக்கும் தேன்கூட்டுப் பலகை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் இறங்கும், அல்லது லேசர் முனையில் உள்ள நாசிலில் இருந்து வரும் காற்றே லேசாகத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு ஓட்டை போட்டால் லேசர் பழைய இடத்தில்தான் போடும், துண்டுதான் அங்கே இல்லை. ஆக முதலில் எங்கிரேவிங் (பெயரைப் பொறிப்பது), அப்புறம் மேலோட்டமாகக் கீறும் கோடுகள், பிறகு ஓட்டை மாதிரி உள்ளே வெட்ட வேண்டியவை, எல்லாம் முடிந்த பிறகு வெளிக்கோடு.

இதை மெஷின் தானாகப் புரிந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம். வேலைக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள், பெயர் கறுப்பு, ஓட்டை நீலம், வெளிக்கோடு சிவப்பு, நிறம் எதுவானாலும் சரி. லைட்பர்னில் ஒவ்வொரு நிறமும் ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு, லேயர் பட்டியலில் மேலே இருப்பது முதலில் ஓடும். ஆப்டிமைசேஷன் அமைப்பில் 'ஆர்டர் பை லேயர்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையும் வெளிக்கோடும் ஒரே லேயரில்தான் இருக்க வேண்டும் என்றால் 'கட் இன்னர் ஷேப்ஸ் ஃபர்ஸ்ட்' டிக் ஆகியிருக்க வேண்டும். ஆனால் வெளிக்கோடு எங்கேயாவது ஒரு நோடு (கோட்டை இணைக்கும் புள்ளி) அளவுக்குத் திறந்திருந்தால், உள்ளே எது வெளியே எது என்று மென்பொருளுக்குத் தெரியாது, டிக் போட்டும் பலன் இல்லை. ஒரே டிசைனில் சில துண்டு சரியாகவும் சில துண்டு தவறாகவும் வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், திறந்த கோடுகளைத் தேடி மூடிவிடுங்கள்.

உருகும் ஓரம் பெரும்பாலும் இரட்டைக் கோட்டின் வேலை. காப்பி பண்ணியது அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது படத்தை டிரேஸ் பண்ணும்போது (கோடுகளாக மாற்றும்போது) கோட்டின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கோடாக மாறியிருக்கும், அல்லது இடம் மிச்சம் பிடிக்க இரண்டு கீசெயினை ஒட்ட வைத்திருப்பீர்கள், நடுவில் உள்ள பொதுக்கோடு இரண்டு முறை வெட்டுப்படும். கண்ணுக்கு ஒரே கோடாகத்தான் தெரியும். அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று இருப்பதை லைட்பர்னில் ஆல்ட் டி நீக்கிவிடும். பாதி மட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதற்கு ஆப்டிமைசேஷனில் உள்ள 'ரிமூவ் ஓவர்லாப்பிங் லைன்ஸ்' வேண்டும். இதை அலட்சியம் செய்யாதீர்கள், அக்ரிலிக்கில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. கோரல் டிராவில் கன்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கியதும் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய பாமினி வகை எழுத்துருக்களில் 'மி' என்பது மகரமும் கொக்கியும் தனித்தனியாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படியே எங்கிரேவ் செய்தால் இரண்டும் சேரும் இடம் மட்டும் பொறிக்கப்படாமல் வெற்றாக நிற்கும், எழுத்தையே வெட்டி எடுத்தால் அதன் குறுக்கே கோடு ஓடும். வெல்டு செய்து ஒன்றாக்கினால் சரியாகிவிடும். எழுத்துப்பிழை பார்ப்பதை மட்டும் கர்வ் ஆக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு திருத்தவே முடியாது. இன்னொன்று, 'கார்த்திக்' என்று எழுத்து வடிவிலேயே வெட்டினால் புள்ளிகள் தனியாக விழுந்து தொலைந்துபோகும், காலும் தனியாகக் கழன்றுவிடும். எழுத்துகளைச் சுற்றி 2 அல்லது 3 மி.மீ. ஆஃப்செட் (தள்ளி ஓடும் கோடு) போட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் அடிப்பலகை ஒன்றை உருவாக்கி, அதன் மேல் பெயரைப் பொறிப்பதுதான் என் பரிந்துரை.

அளவு மாற்றுவதாக இருந்தால் கெர்ஃப், அதாவது லேசர் தின்றுவிடும் அகலம், பார்ப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கெர்ஃப் சேர்த்த பிறகு டிசைனைப் பெரிதாக்கினால் அதுவும் சேர்ந்து பெரிதாகிவிடும். 20 மி.மீ. சதுரம் வெட்டி அளந்து, 19.8 வந்தால் கெர்ஃப் 0.2, பக்கத்துக்கு 0.1 ஆஃப்செட். உங்கள் கீசெயினுக்கு இது வீண் வேலைதான், யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஸ்டாண்டு, பெட்டி செய்தால்தான் தேவை, அப்போது '3 மி.மீ.' என்று வாங்கிய ஷீட்டின் தடிமனையும் வெர்னியரில் அளந்து பாருங்கள், அது பெரும்பாலும் சரியாக 3 இருக்காது.

வெட்டும் முன் லைட்பர்னில் ஆல்ட் பி அழுத்தினால் ப்ரிவ்யூ திறக்கும், கீழே உள்ள ஸ்லைடரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள், எந்தக் கோடு எப்போது வெட்டுப்படுகிறது என்று வரிசையாகத் தெரியும். ஏதாவது ஒரு கீசெயினுக்கு ஓட்டைக்கு முன்னால் வெளிக்கோடு ஓடினால் அங்கேயே நிறுத்தி அந்தத் துண்டின் கோடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, அப்புறமும் ஓட்டை நகர்ந்தால் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கலாம்.