குழந்தையின் மூட்டுவலி: எப்போது ரத்தப் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும்?

கே: 4 வயது மகளுக்கு மூட்டுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். முடக்குவாதம் என்கிறார்கள். ரத்தப் புற்றுநோயாகவும் இருக்குமா டாக்டர்?

ப: பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதை விலக்கிய பிறகுதான் முடக்குவாதம் என்று முடிவுகட்ட வேண்டும். குழந்தைகளைத் தாக்கும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் 2 முதல் 5 வயதில்தான் அதிகம். எலும்பு மஜ்ஜைக்குள் புற்றணுக்கள் பெருகி நெருக்குவதால் எலும்பு வலிக்கும், மூட்டும் வீங்கலாம். முடக்குவாதம் என்றால் காலையில் விறைப்பு இருக்கும், நடமாட நடமாடத் தளரும். லுகேமியாவில் வீக்கம் கொஞ்சமாக இருக்கும், வலியோ தாங்க முடியாது, இரவில் எழுப்பிவிடும்.

கே: ரத்த அணுக்கள் எண்ணிக்கை நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

ப: தொடக்கத்தில் நார்மலாகவே காட்டலாம். முடக்குவாதம் போன்ற அழற்சி நோயில் இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறும்போது பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ஏறுவதுதான் வழக்கம். இ.எஸ்.ஆர். எகிறியிருக்க, பிளேட்லெட் நார்மலின் கீழ்விளிம்பில் நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஸ்மியர் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), எல்.டி.எச். (அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதி) பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் மஜ்ஜைப் பரிசோதனை.

 

 

கே: என் பையனுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் வலி பறந்தது. அப்போது முடக்குவாதம்தானே?

ப: அப்படி முடிவுகட்டாதீர்கள். லுகேமியா சிகிச்சையிலேயே ஸ்டீராய்டு முக்கிய மருந்து. புற்றணுக்களை அது கொல்லும். வலி தற்காலிகமாக மறையும், நோய் கண்ணுக்குத் தப்பும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

கே (அவரே): துடிக்கிற பிள்ளையைப் பரிசோதனை முடியும்வரை தவிக்கவிடச் சொல்கிறீர்களா?

ப: இல்லை. பாராசிட்டமால் முதல் வலுவான வலி மருந்துகள் வரை இருக்கின்றன, மருத்துவர் தருவார். லுகேமியாவை விலக்காமல் ஸ்டீராய்டு தர வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

கே (இன்னொருவர்): ஏ.என்.ஏ. (தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் வந்த பிறகுமா?

ப: பிறகும்தான். லுகேமியாவிலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரலாம். அந்தத் தாளைக் காட்டி ஸ்டீராய்டு தொடங்காதீர்கள்.

கே: ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் பயமில்லையா?

ப: மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கே: வளர்ச்சி வலியும் ராத்திரிதானே வரும்?

ப: வரும், இரண்டு காலிலும். விடிந்தால் பிள்ளை ஓடியாடும். பகலில் நொண்டினாலோ, வெளிறினாலோ, ஒரே இடம் வலித்தாலோ அது வளர்ச்சி வலி அல்ல. உடனே காட்டுங்கள்.