மூணு குடோஸ், ஒரு கமெண்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம், ஊர் நாகப்பட்டினம் பக்கம். பொன்னியின் செல்வன்ல பூங்குழலின்னா எனக்கு உயிர். அவ சேந்தன் அமுதனை கட்டிக்கிட்டு அரண்மனைக்கு போன பிறகு எப்படி இருந்திருப்பான்னு ஏஓ3ல, அதான் ரசிகர்கள் தங்களுக்குப் பிடிச்ச கதாபாத்திரங்களை வச்சு கதை எழுதிப் போடுற தளத்துல, ஆறு மாசமா தமிழ்ல எழுதுறேன், 9 அத்தியாயம் போட்டாச்சு. ஹிட்ஸ் 87, குடோஸ் (லைக் மாதிரி, பிடிச்சிருந்தா அமுக்குறது) 3, கமெண்ட் ஒண்ணே ஒண்ணு. அந்த மூணு குடோஸும் முதல் ரெண்டு அத்தியாயத்துலயே வந்துடுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணு கூட ஏறல, அப்போ மத்த ஏழு அத்தியாயமும் யாருக்கும் பிடிக்கலன்னுதானே அர்த்தம்? இதே ஆளுங்களை வச்சு இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு நூத்துக்கணக்குல வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா கூட ஸ்டாட்ஸ் பேஜைத்தான் பாக்குறேன். இங்கிலீஷுக்கு மாறிடவா, நந்தினி கரிகாலன் பக்கம் போயிடவா, இல்ல நிறுத்திடவா? லிங்க் வச்சிருக்கேன். என் பேர் போட வேண்டாம்க்கா.

*

அக்கான்னு கூப்பிட்டதால நானும் உரிமையா நீ வா போன்னே எழுதுறேன்.

லிங்க் அனுப்புனது நல்லதா போச்சு. கடிதம் வந்த அன்னைக்கு ராத்திரியே உக்காந்து 9 அத்தியாயமும் படிச்சேன். அதனால நம்பரை பத்தி பேசுறதுக்கு முன்னாடி உன்னோட நாலாவது அத்தியாயத்தை பத்தி கொஞ்சம் பேசிடுறேன். பூங்குழலி அரண்மனை மாடத்துல நிக்குறா, கார்த்திகை தீபம், தஞ்சாவூர் முழுக்க விளக்கு, தோழிங்க எல்லாம் எவ்வளவு அழகுன்னு வாய் பொளந்து நிக்குறாங்க, இவ மட்டும் ஒவ்வொரு விளக்கா பாத்துட்டு ஒண்ணு கூட அணைஞ்சு வேற எடத்துல எரிய மாட்டேங்குதேன்னு நினைக்கிறா. கோடிக்கரை சதுப்புல ராத்திரி தோணித் தோணி மறையுற கொள்ளிவாய்ப் பிசாசு வெளிச்சத்தை காட்டி இவங்கதான் என் காதலர்கள்னு வந்தியத்தேவன் கிட்ட சொன்னவ அவ. எடத்தை விட்டு நகராத விளக்கு அவளுக்கு செத்த விளக்காத்தான் தெரியும்னு நீ கண்டுபிடிச்சிருக்க பாரு, நான் இந்த நாவலை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், எனக்கு இது தோணுனதே இல்ல. அந்த எடத்துல போனை கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சரி, இப்போ குடோஸ். நீ ஒரு விஷயத்தை தப்பா புரிஞ்சுக்கிட்டு ஆறு மாசமா அழுதிருக்க, எனக்கு அதுதான் மனசு கேக்கல. ஏஓ3ல ஒருத்தர் ஒரு கதைக்கு ஒரே ஒரு தடவைதான் குடோஸ் குடுக்க முடியும், அத்தியாயத்துக்கு ஒண்ணு கிடையாது, முழு கதைக்கும் சேர்த்து ஒண்ணு. ரெண்டாவது அத்தியாயத்துலயே குடோஸ் குடுத்தவங்க ஒம்போதாவதை படிச்சுட்டு திரும்ப அமுக்குனா ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னு சொல்லிடும். அதனால அந்த மூணு ஏறாம நிக்குறதுக்கு மத்த ஏழு அத்தியாயமும் பிடிக்கலன்னு அர்த்தமே இல்ல. தொடர்ந்து வர்றவங்க யாருன்னு பாக்கணும்னா அதே ஸ்டாட்ஸ் பேஜ்ல சப்ஸ்கிரிப்ஷன்னு ஒரு எண் இருக்கும், அதை பாரு, அது ரெண்டுன்னு இருந்தா நீ ஒவ்வொரு தடவை போடும்போதும் ரெண்டு பேருக்கு மெயில் போகுது. டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டு பஸ்ல திரும்பத் திரும்ப படிக்கிறவங்க இருந்தா அது எந்த கணக்குலயும் வராது, பிரைவேட்டா புக்மார்க் பண்ணி வச்சிருந்தா அது யாருன்னு உனக்கு தெரியவே தெரியாது.

எண்ணிக்கையெல்லாம் முக்கியமே இல்ல, உனக்காக எழுதுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் அப்படி சொல்ல மாட்டேன். தனக்காக மட்டும்னா நோட்டுலயே எழுதி வச்சுக்கலாம், போஸ்ட் பட்டனை அமுக்குறதே யாராவது படிக்கணும்னுதான், அந்த ஆசைல தப்பே இல்ல, யாரும் வரலைன்னா வலிக்கத்தான் செய்யும். ஆனா வராதது எதனாலன்னு தெரிஞ்சுக்கணும். எழுத்து சரியில்லாததாலயா, எழுத்து இருக்குற எடத்துக்கு வழி இல்லாததாலயா? உன் விஷயத்துல ரெண்டாவதுதான், இதை உன்னை தேத்துறதுக்காக சொல்லல, படிச்சுட்டு சொல்றேன்.

ஏஓ3ல யூடியூப் மாதிரி இதை பாருங்கன்னு எடுத்து நீட்டுற அல்காரிதம் கிடையாது. புதுசா அப்டேட் ஆனது மேல நிக்கும், ஒரு பக்கத்துக்கு 20 கதை, அடுத்த 20 வந்தா நீ ரெண்டாவது பக்கத்துக்கு போயிடுவ, அவ்வளவுதான் அதோட ஒழுங்கு. தேடி வர்றவங்க டேக் வழியாத்தான் வரணும். நீ டேக் எல்லாத்தையும் தமிழ் எழுத்துல மட்டும் போட்டிருக்க, தப்பில்ல, வேற வேற ஸ்பெல்லிங்கை ஒண்ணா கோக்குறதுக்குன்னு அங்க வாலன்டியர்ஸ் இருக்காங்க, ஆனா அது நடக்குற வரைக்கும் இங்கிலீஷ்ல பூங்குழலின்னு தேடுறவங்க கண்ணுல உன் கதை படவே படாது. டைப் பண்ணும்போது கீழ லிஸ்ட் வருதுல்ல, அதுல ஏற்கனவே இருக்குற பேரை எடு. அப்புறம் உன் சம்மரி. "முதல் முயற்சி, பிழை இருந்தா மன்னிச்சுடுங்க"ன்னு போட்டிருக்க. இதை முதல்ல தூக்கு, இன்னைக்கே தூக்கு. கடலை விட்டு வந்த பொண்ணு, ஓடாத விளக்குங்களுக்கு நடுவுல ராணியா உக்காந்திருக்கான்னு ரெண்டு வரி எழுது, அதையே இங்கிலீஷ்லயும் கீழ போடு, ஏன்னா தமிழ் நல்லா படிக்க தெரிஞ்சும் அந்த தளத்துக்கு இங்கிலீஷ் கதைக்காக மட்டும் வர்ற நம்ம புள்ளைங்க எக்கச்சக்கம், அவங்க தமிழ்ல ஒண்ணு இருக்கும்னே எதிர்பாக்குறதில்ல. தமிழ்ல தொடர்கதை படிக்கிற கூட்டம் பிரதிலிபி, வாட்பேட் பக்கம்தான் அதிகம், அங்கயும் போட்டு வைக்கலாம், கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆனதுதான், பயப்பட ஒண்ணுமில்ல.

இங்கிலீஷுக்கு மாறவான்னு கேட்ட. உனக்கு இங்கிலீஷ்ல எழுதணும்னு தோணுனா தாராளமா எழுது, வேற கதையை எழுது. இந்த கதையை மாத்தாத. உன் பூங்குழலி அரண்மனை ஆளுங்க கிட்ட ஒரு மாதிரியும் அவ அத்தை மொழி வராம கைஜாடைல பேசுனதை நினைச்சுக்கிட்டு தனியா இருக்கும்போது வேற மாதிரியும் பேசுறா, அந்த வித்தியாசத்துலதான் கதையே நிக்குது, அது இங்கிலீஷ்ல கரைஞ்சு போயிடும். அதுவுமில்லாம நீ பண்றது தமிழ்ல புதுசும் இல்ல. பொன்னியின் செல்வன் 1950லேந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல வாராவாரம் வந்து முடிஞ்சப்போ அவர் என்ன ஆனார், இவ என்ன ஆனான்னு வாசகர்கள் விடாம கேட்டு, கல்கி முடிவுரைன்னு தனியா எழுத வேண்டி வந்தது, அப்பவும் ஆத்தாமை தீராம அப்புறம் விக்கிரமன் அதோட தொடர்ச்சியா நந்திபுரத்து நாயகி எழுதுனார். ஃபேன் ஃபிக்‌ஷன்னு பேர் மட்டும்தான் அப்போ இல்ல. ஒரே வித்தியாசம், விக்கிரமன் அமுதசுரபிக்கு ஆசிரியரா இருந்தவர், பத்திரிகையும் வாசகரும் ஏற்கனவே இருந்தாங்க, உனக்கு அது எதுவும் இல்லாம ஒவ்வொரு ஆளா வரணும், அதனால மெதுவாத்தான் வரும்.

நந்தினி கரிகாலனுக்கு போறதை பத்தி என் அனுபவத்தையே சொல்றேன். 2022 செப்டம்பர்ல படத்தோட முதல் பாகம் வந்தப்போ நான் செம்பியன் மாதேவியை வச்சு ஒரு கதை எழுதிட்டு இருந்தேன், கோனேரிராஜபுரத்துல அவங்க கல்லால கோயில் கட்டும்போது அங்க வேலை பாத்த ஒரு கல்தச்சனோட கதை, அஞ்சாறு பேர்தான் படிச்சாங்க. படத்துக்கப்புறம் எல்லாரும் நந்தினியை தேடுறாங்கன்னு தெரிஞ்சு அதை அப்படியே விட்டுட்டு அங்க ஓடுனேன், ஒரே வாரத்துல முந்தின கதைக்கு ஒரு வருஷத்துல வந்ததை விட அதிகமா ஹிட்ஸ் வந்துச்சு, சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. மூணாவது அத்தியாயத்துல நின்னு போச்சு. எனக்கு நந்தினி கிட்ட கேக்க கேள்வியே இல்ல, மத்தவங்களுக்கு இருந்த கேள்வியை நான் எழுதிட்டு இருந்தேன். திரும்பி வந்து பாத்தா கல்தச்சன் கதை மனசுல ஆறிப் போயிருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் முடிக்கல, அவன் உளியை கைல எடுத்தபடியே நிக்கிறான், எனக்கு அது இன்னமும் வருத்தம். உனக்கு பூங்குழலி கிட்ட கேக்க கேள்வி இருக்கு, அது நல்லாவே தெரியுது. அதை விட்டுட்டு போகாத.

யூல்டைடுன்னு ஒரு கதைப் பரிமாற்றம் வருஷா வருஷம் நடக்குது, 2003லேந்து, இப்போ ஏஓ3லயே நடக்குது, யாரும் அதிகமா எழுதாத சின்ன சின்ன ஃபேண்டமுக்குன்னே (ஃபேண்டம்னா ஒரு கதையோட ரசிகர் வட்டம்). ஒவ்வொருத்தரும் கேட்ட ஒரே ஒரு ஆளுக்காக குறைஞ்சது 1000 வார்த்தைல ஒரு கதை எழுதி பரிசா குடுக்கணும். ஒரு ஆளுக்காக. கேட்டவங்களுக்கு அது கெடைச்சு அவங்க எழுதுற கமெண்ட்டை எல்லாம் போய் படிச்சு பாரு, அடுத்த வருஷம் நீயும் பேரு குடு, பூங்குழலியை கேட்டு யாராவது எழுதியிருக்காங்களான்னு பாரு. அது வரைக்கும் தமிழ்ல அங்க எழுதுற மத்தவங்களை தேடிப் பிடிச்சு படி, பிடிச்சிருந்தா எந்த வரி பிடிச்சதுன்னு சொல்லி கமெண்ட் போடு, உன் கதைக்கு அவங்க வரணும்ங்கிறதுக்காக இல்ல, அவங்களும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுட்டு இருப்பாங்க. ஸ்டாட்ஸ் பேஜை ஞாயித்துக்கிழமை மட்டும் பாரு, மத்த நாள் போன் அடுத்த ரூம்ல தூங்கட்டும்.

கடைசியா அந்த ஒரு கமெண்ட். யாரோ ரெண்டாவது அத்தியாயத்துக்கு கீழ "எல்லாம் சரி, அவ படகு என்ன ஆச்சு?"ன்னு கேட்டிருக்காங்க. அஞ்சு மாசமா நீ அதுக்கு பதிலே போடல. உன் ஏழாவது அத்தியாயத்துல அரண்மனை கதவுக்கு பின்னாடி ஒரு துடுப்பு சாத்தி வச்சிருக்கு, பணிப்பெண் அதை விறகுன்னு நினைச்சு எடுத்துட்டு போகப் போறா, பூங்குழலி ஓடி வந்து புடுங்குறா. அந்த துடுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரிஞ்சு போச்சு, கேட்டவங்களுக்கு இன்னும் தெரியாது. போய் சொல்லு அவங்க கிட்ட. படகு என்ன ஆச்சுன்னு பத்தாவதுல வருமா? நானும் சப்ஸ்கிரைப் பண்ணிட்டேன்.