கேள்வி பதில்: தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் அமிலம் போதுமா?

நான் கால்நடை மருத்துவர். பண்ணைகளுக்குத் தீவனக் கணக்கு போடுவதுதான் வேலை. வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

பல்லடம், பிராய்லர்: டாக்டர், தீவனத்துல தினமும் போட்டுட்டிருந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம்னு இருக்கேனுங்க. பதிலுக்கு அமிலம் போட்டா அதே எடை வருமா?

நிறுத்துங்கள், முதலில் அதற்கு என் நன்றி. ஆனால் "அதே எடை" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

அமிலம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஃபார்மிக், புரோபியானிக், லாக்டிக் போன்றவை பிரியாமல் முழுதாக இருக்கும்போது கிருமியின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். கிருமிக்குள் பி.எச். (புளிப்பு அளவு, எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 7 பக்கம் இருப்பதால் அங்கே பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடும். அதை வெளியே தள்ளித் தள்ளியே கிருமி தன் சக்தியைத் தீர்த்துவிடும். சால்மொனெல்லா, ஈகோலை என்ற நோய்க்கிருமிகள் இப்படி அடிபடும். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமி அமிலத்திலேயே பிழைக்கிற இனம், அது தாங்கிக்கொள்ளும்.

ஃபார்மிக் அமிலம் பி.எச். 3.75-ல் பாதி பிரிந்துவிடும். பி.எச். ஏற ஏற இன்னும் பிரியும். கோழியின் தீனிப்பையில் பி.எச். 5 பக்கம், அரைவைப்பையில் 3 பக்கம், சிறுகுடலில் 6-க்கு மேல். ஆகவே சும்மா கலந்த அமிலத்தின் வேலை மேல்பகுதியோடு முடிந்துவிடும். கீழ்க்குடல் வரை போக வேண்டுமானால் கொழுப்புப் பூச்சுப் போட்ட பியூட்டிரேட் (பியூட்டிரிக் அமிலத்தின் உப்பு) வேண்டும். பியூட்டிரிக் அமிலம் குடல் செல்லுக்கே சாப்பாடு. அதனால்தான் விலை கூடுதல் என்றாலும் பிராய்லருக்கு நான் அதைச் சொல்கிறேன்.

சுவீடன் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1-லும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கைத் தடை செய்தன. அமில டப்பாவை மட்டும் வைத்து அங்கே யாரும் சமாளிக்கவில்லை. ஷெட் தரையில் பரப்பிய கூளம் காய்ந்திருக்க வேண்டும், ரத்தக்கழிச்சல் கட்டுக்குள் இருக்க வேண்டும், தீவனத்தில் செரிக்காத புரதம் குறைய வேண்டும். இந்த மூன்றும் சரியில்லாத ஷெட்டில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி குடலைத் தின்றுகொண்டிருக்கும்போது அமிலம் என்ன செய்யும்?

பொங்கலூர்: தண்ணில கலக்கலாமா? எவ்வளவு?

கலக்கலாம். அளவைப் பாக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் போர் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார உப்பு அதிகமுள்ள தண்ணீர் அமிலத்தை விழுங்கிவிடும். ஒரு லிட்டர் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச். அளந்து பாருங்கள். 4-க்குக் கீழே போனால் கோழி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும்.

நாமக்கல், லேயர் (முட்டைக்கோழி): ஐயா, எங்க தீவனத்துக்கும் டன்னுக்கு மூணு கிலோ ஃபார்மிக் போடச் சொல்றாங்க. போடலாமா?

லேயர் தீவனத்தில் டன்னுக்கு 90 கிலோ சுண்ணாம்புக்கல் இருக்கிறது. 100 கிலோ கால்சியம் கார்பனேட் 92 கிலோ ஃபார்மிக் அமிலத்தைச் சமன் செய்துவிடும். உங்கள் மூன்று கிலோ அதன் முன் எம்மாத்திரம்? என் கணக்கில் வீண் செலவு.

அதே நாமக்கல்காரர்: மன்னிக்கணுங்க ஐயா, நாங்க போடறது மாவு இல்லைங்க, பாதிக்கு மேல பெரிய கிளிஞ்சலும் கல்லும். அது அரைவைப்பையில கிடந்து ராத்திரி பூரா மெதுவாத்தான கரையுது? அத்தனையும் உடனே அமிலத்தை எப்படிங்க தின்னும்?

ராசிபுரம்: சரியாச் சொன்னாருங்க. நாங்களும் அமிலம் போட்டப்புறம் எச்சத்துல ஈரம் குறைஞ்சதைப் பாத்தோம்.

பரமத்தி: ஈரம் குறைஞ்சது மழை விட்டதாலயா, அமிலத்தாலயா? போடாத ஷெட்டு ஒண்ணு பக்கத்துல வெச்சிருந்தீங்களா?

நாமக்கல்காரர் சொல்வது நியாயம், "வீண் செலவு" என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெரிய துண்டுக் கல் மெதுவாகத்தான் கரையும், என் கணக்கு மாவுக் கல்லுக்கே முழுதாகப் பொருந்தும். மூட்டையில் கிடக்கும் தீவனத்தில் சால்மொனெல்லாவை அடக்கவும் ஃபார்மிக் உதவும், லேயருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், காலையில் தீனிப்பை காலியாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் வழியாகக் கொடுங்கள் என்பேன். பரமத்திக்காரர் கேள்விதான் சரியான கேள்வி. போடாத ஷெட் ஒன்றை ஒப்பிட வைக்காமல் எந்தப் பொருளையும் நம்பாதீர்கள்.

பெருந்துறை: மக்காச்சோளம் பூசணம் பிடிச்சிருச்சு. புரோபியானிக் தெளிச்சா சரியாயிடுமா?

ஆகாது. புரோபியானிக் இனிமேல் பூசணம் வராமல் தடுக்கும். ஏற்கெனவே உண்டான அஃப்ளாடாக்சின் என்ற பூசண விஷத்தை அது தொடாது. அந்தச் சோளத்தைக் கோழிக்குப் போடாதீர்கள். அடுத்த லோடை ஈரம் பார்த்து வாங்குங்கள், 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கன்னியாகுமரி: ரப்பர் பால் உறைய வைக்கற ஃபார்மிக் வீட்லயே இருக்கு. அதையே நாட்டுக்கோழிக்குக் கலக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. அது தொழிற்சாலைத் தரம், தீவனத்துக்கானது இல்லை. கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

உடுமலை: தண்ணில எவ்வளவு கலக்கணும் சார்?

மேலே பொங்கலூருக்குச் சொல்லியிருக்கிறேன்.

தாராபுரம்: வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பூசி தண்ணில குடுக்கற அன்னிக்கு அமிலம் விடலாமா?

கூடாது. முந்தின நாளே அமிலத்தையும் குளோரினையும் நிறுத்திக் குழாயை அலசுங்கள். இரண்டும் தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும்.

காங்கேயம்: அமிலத் தண்ணில சல்ஃபா மருந்தும் சேத்துக் குடுக்கலாமுங்களா?

கூடாது. சல்ஃபா அமிலத் தண்ணீரில் கரையாமல் படிந்து கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைத்துவிடும்.

திருச்செங்கோடு: அமிலமும் பிளீச்சிங்கும் சேத்தா டேங்க் நல்லா சுத்தமாகும்னு சொல்றாங்களே?

யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மேலே பொங்கலூருக்குக் குளோரின் வாயு பற்றிச் சொன்னது அதற்காகத்தான். டேங்குக்குள் இறங்கித் தேய்ப்பவர் உங்கள் பண்ணை ஆள்.

பொள்ளாச்சி: கோழி கழியுது, கொலிஸ்டின் கிடைக்குமா?

2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அந்த ஆன்டிபயாடிக்கை இந்திய அரசு தடை செய்துவிட்டது. வேறு மருந்து எதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் மனிதனுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. செத்த கோழி இரண்டை இன்றே பிரேதப் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள்.

சூலூர்: தண்ணில அளவு எவ்வளவுங்க?

பொங்கலூர் பதிலைப் படியுங்கள்.