கேள்வி – பதில்

கேள்வி: தலைவரின் மனைவி என்பதாலேயே விஞ்ஞானி ஆனவர் உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு, ருமேனியாவின் எலெனா சௌசெஸ்கு! ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. இளவயதில் புக்கரெஸ்ட்டில் ஆலைத் தொழிலாளி. கணவர் நிக்கோலே 1965இல் நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரானார். சில ஆண்டுகளில் அம்மையார் வேதியியலில் முனைவர்! ஆய்வேட்டை எல்லோர் முன்னிலையிலும் விவாதித்துத் தேற வேண்டும் என்பது மரபு. அந்தச் சங்கடம் அவருக்கு வரவில்லை; பூட்டிய கதவுக்குள் எல்லாம் சுபமாக முடிந்தது. நிபுணர்கள் எழுதினார்கள், பெயர் அவருடையது.

கோபம் எனக்கு அவர் மீது பாதிதான். 1978இல் பிரிட்டனுக்கு அரசுமுறை விருந்தாளியாகப் போனபோது, லண்டனின் ராயல் வேதியியல் கழகம் அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்ததே, படித்தவர்கள்தானே அவர்கள்? ருமேனியாவோடு விமான வியாபாரம் பேசும் நேரத்தில் வேதியியல் யாருக்கு வேண்டும்!

1980இல் முதல் துணைப் பிரதமர் பதவியும் வந்தது. 1989 டிசம்பரில் மக்கள் எழுச்சியில் கணவரின் ஆட்சி கவிழ்ந்தது; 25ஆம் தேதி, ராணுவ முகாமில் இருவருக்கும் அவசர விசாரணை. 'கட்டுரைகளை எழுதித் தந்தது யார்?' என்று அங்கேயும் கேட்டார்கள். அம்மையாருக்கு வந்ததே கோபம்! அன்றே கணவருடன் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள். அந்த அவசர நீதியையும் நான் மெச்சமாட்டேன்.