இலவசப் பதிவுக்கு 2,499 ரூபாய்: அரசுத் தளம்போல் தோன்றும் தனியார் தளங்கள்

கேள்வி: கரூர் அருகே வீட்டிலேயே மசாலாப் பொடி தயாரித்து விற்கிறேன். கடன் கேட்டுச் சென்றபோது வங்கியில், சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கைபேசியில் தேடி, முதலில் வந்த தளத்தில் விவரங்களை நிரப்பி 2,499 ரூபாய் கட்டினேன். ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கினார். இரண்டு நாளில் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. இந்தப் பதிவு இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதம் கழித்து இப்போது, ‘புதுப்பிக்க வேண்டும், 1,200 ரூபாய் கட்டுங்கள்’ என்று அழைப்பு வருகிறது. என் சான்றிதழ் செல்லுமா? பணம் திரும்பக் கிடைக்குமா? இனி இத்தகைய தளங்களை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில், அந்த 1,200 ரூபாயைக் கட்டாதீர்கள். உத்யம் பதிவுக்குப் புதுப்பித்தல் என்பதே கிடையாது. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு, மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் நடத்தும் தளத்தில் செய்யப்படுவது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதும் இல்லை. ஆதார் எண், பான் எண், நீங்களே தரும் உறுதிமொழி விவரங்கள் ஆகியவை போதும். வருமான வரி, ஜிஎஸ்டி விவரங்களை அவ்வப்போது அப்டேட் செய்ய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் இலவசமே. அந்த அப்டேட்டைத்தான் ‘ரினியூவல்’ என்று பெயர் மாற்றி, காலாவதியாகிவிடும் என்ற அச்சத்தையும் சேர்த்து விற்கிறார்கள்.

உங்கள் சான்றிதழ் பெரும்பாலும் உண்மையானதாகவே இருக்கும். இத்தகைய தளங்கள் செய்வது இதுதான்: நீங்கள் அவர்களிடம் நிரப்பிய விவரங்களை எடுத்து, அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் அவர்களே நிரப்புகிறார்கள், அப்போது உங்கள் கைபேசிக்கு வரும் ஆதார் ஓடிபியைத்தான் தொலைபேசியில் கேட்டு வாங்குகிறார்கள். இருந்தாலும் சரிபார்த்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள கியூஆர் குறியை மட்டும் ஸ்கேன் செய்து நிறைவடையாமல், அரசுத் தளத்துக்கு நீங்களே சென்று, சரிபார்ப்புப் பகுதியில் பதிவு எண்ணை உள்ளிட்டுப் பாருங்கள். கியூஆர் குறி உங்களை எந்தப் பக்கத்துக்கும் கொண்டுசெல்லலாம் அல்லவா?

பதிவு விவரங்களில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். பதிவில் உள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா? இடைத்தரகர்கள் தங்கள் மின்னஞ்சலையோ எண்ணையோ போட்டுவிட்டால், பிற்பாடு திருத்தம் செய்ய வரும் ஓடிபி அவர்களுக்கே போகும். நீங்கள் மீண்டும் அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். தொழில் வகை சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா? முதலீடு, விற்றுமுதல் என்று எழுதப்பட்டுள்ள தொகைகள் நீங்கள் சொன்னவைதாமா? இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பதிவு முழுவதும் உங்கள் சுய உறுதிமொழி என்பதால், வேறொருவர் தோராயமாக அடித்த எண்ணுக்கும் பொறுப்பு உங்களுடையதே. பிழை இருந்தால் நீங்களே திருத்தலாம். இயலாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தை அணுகி உதவி கேளுங்கள்.

நீங்கள் ஏமாற்றப்பட்டீர்களா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் தருவது கடினம். பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் போலித் தளம் வேறு. கேட்டதைச் செய்து கொடுத்து, இலவசமானதற்கு விலை வைக்கும் தளம் வேறு. இரண்டாம் வகைத் தளத்தில் அடிப்பக்கம் வரை போனால், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ‘நாங்கள் தனியார் ஆலோசனை நிறுவனம், அரசுடன் தொடர்பில்லை’ என்றொரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு வரிதான் அவர்களுடைய கேடயம். உதவிக்குக் கூலி வாங்குவது குற்றமன்று. தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலும் சேவைக் கட்டணம் கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் அங்கே யாரிடம், எதற்குக் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். இங்கோ அரசுக்குக் கட்டுவதாக நினைத்துத் தனியாருக்குக் கட்டுகிறோம்.

இனி அடையாளம் காணும் வழி. தளத்தின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. மூவண்ணக் கோடு, சிங்க முத்திரை, அமைச்சகத்தின் பெயர் ஆகிய எல்லாவற்றையும் யாரும் படமாக ஒட்டிவிடலாம். (அரசு முத்திரையை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது, அது யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை.) உண்மையைச் சொன்னால், பல வேளைகளில் தனியார் தளம்தான் அரசுத் தளத்தைவிடப் பளிச்சென்றும் விரைவாகவும் இருக்கும்.

பார்க்க வேண்டியது முகவரியை; அதையும் வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தொடக்கத்தில் உள்ள ‘https://’ என்பதை விட்டுவிட்டு, முகவரியில் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி ‘டாட் கவ் டாட் இன்’ (.gov.in) என்றோ ‘டாட் நிக் டாட் இன்’ (.nic.in) என்றோ முடிய வேண்டும். இந்த இரண்டு முடிவுகளும் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுபவை. வெறும் ‘டாட் இன்’, ‘டாட் ஆர்க்’, ‘டாட் காம்’ ஆகியவற்றையோ சில நூறு ரூபாய் கொடுத்து யாரும் வாங்கலாம். ‘கவ்’ என்ற சொல் முகவரியின் நடுவில், சிறு கோட்டுடன் ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கு மதிப்பில்லை: ‘உத்யம்-கவ் டாட் ஆர்க்’ என்பது அரசுத் தளம் ஆகாது. பூட்டுச் சின்னம் இருப்பதும் சான்றாகாது. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதை மட்டுமே அது காட்டும், மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைச் சொல்லாது.

இந்த விதிக்கு விலக்கும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நல்ல தளத்தையும் சந்தேகிப்பீர்கள். ரயில் முன்பதிவுக்கான ஐஆர்சிடிசி தளம் ‘டாட் கோ டாட் இன்’ என்று முடிகிறது. பான் அட்டை விண்ணப்பங்களைப் பெறும் புரோட்டியன், யுடிஐஐடிஎஸ்எல் ஆகிய நிறுவனங்களின் தளங்களும் கவ் டாட் இன் முடிவு கொண்டவை அல்ல. இத்தகைய இடங்களில் தேடுபொறியை நம்பாமல், துறையின் அரசுத் தளத்துக்கு முதலில் சென்று, அங்கே உள்ள இணைப்பின் வழியாக உள்ளே போவதே பாதுகாப்பு.

தேடுபொறியில் முதலில் தெரிவது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய இடம். விளம்பரம் என்ற குறிப்பு சிறிதாக இருக்கும். கைபேசியில் கண்ணில் படாது. கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, வயது வந்தவருக்கான 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். இதற்கு மேல் ஒரு தளம் கேட்டால், நீங்கள் தவறான வாசலில் நிற்கிறீர்கள். உணவுப் பொருள் தயாரிப்பவர் என்பதால் உங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவும் தேவைப்படும். அதே கும்பல் அதற்கும் அழைக்கக்கூடும். அதற்கான ‘ஃபாஸ்காஸ்’ தளமும் கவ் டாட் இன் என்றே முடிகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, கேட்ட சான்றிதழ் வந்துவிட்டதால் முழுத் தொகையும் திரும்பும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். ஆயினும் முயலாமல் விட வேண்டாம். தளத்தின் முகப்பு, அடிப்பக்கம், பணம் கட்டிய பக்கம் ஆகியவற்றை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரளியுங்கள். விளம்பரத்தை விளம்பரம்போல் தோன்றாமல் மறைப்பது, பொய்யான அவசரத்தை உண்டாக்குவது ஆகியவற்றை 2023 நவம்பர் 30இல் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். புதுப்பித்தல் அழைப்பு வேறு வகை. இல்லாத ஒன்றுக்குப் பணம் கேட்பதால், அழைத்த எண்ணுடன் சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

2,499 ரூபாயைவிட எனக்குக் கவலை தருவது அந்த ஓடிபிதான். உங்கள் ஆதார் எண், பான், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. ஆதார் ஆணையத்தின் தளத்தில் நுழைந்து, கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலைப் பாருங்கள்; பதிவு நடந்த நாளைத் தவிர நீங்கள் அறியாத பதிவு ஏதேனும் இருந்தால் ஆதார் உதவி எண் 1947இல் தெரிவியுங்கள். கைரேகைத் தகவலை அங்கேயே பூட்டியும் வைக்கலாம். நான்கு மாதம் ஆகிவிட்டதால், இந்தப் பட்டியலை இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.