சிட்டையை நீங்கள் எழுதுங்கள், பேரேட்டை எக்ஸெல் எழுதட்டும்

கேள்வி: தென்காசி பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். சுமார் 60 கடைகளுக்குக் கடனில் சரக்கு போகிறது. மூன்று வருடமாக எக்ஸெல்லில்தான் கணக்கு. மாதத்துக்கு ஒரு ஷீட், அதில் கடைக்கு ஒரு பத்தி. மாதக் கடைசியில் யார் எவ்வளவு பாக்கி என்று எடுக்க அரை நாள் போய்விடுகிறது. கால்குலேட்டரில் கூட்டினால் ஒரு தொகை, எக்ஸெல்லில் வேறு தொகை. தேதிகளும் சில நேரம் குழம்பிவிடுகின்றன. வீட்டுக் கணக்கை மனைவி தனி ஃபைலில் எழுதுகிறார், அவருக்கும் இதே தொல்லை. பேசாமல் ஒரு மென்பொருள் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்குவது பிறகு இருக்கட்டும். முதலில் அந்தக் கூட்டல் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். அதைச் சரிசெய்யாமல் எந்த மென்பொருளுக்குப் போனாலும் தப்பான எண்கள்தான் கூடவே வரும்.

எக்ஸெல்லுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. நீங்கள் எண் என்று நினைத்து அடித்த சிலதை அது எழுத்து என்று நினைத்திருக்கிறது. கூட்டலுக்குரிய 'சம்' சூத்திரம், எழுத்தாக இருப்பதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை என்றுகூடச் சொல்லாது. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் பில் புத்தகப் பழக்கம். 4750 என்று எழுதுவதற்குப் பதில் 4750/- என்று கோடு போட்டு முடிப்போமே, அதே கை எக்ஸெல்லிலும் 4750/- என்று அடித்துவிடுகிறது. அந்தக் கோடு விழுந்த நொடியில் அது எண் இல்லை. முன்னால் 'ரூ.' சேர்த்து அடித்தாலும் இதே கதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அப்படியே.

கண்டுபிடிக்க ஒரு வழி. எக்ஸெல் எண்ணைச் செல்லின், அதாவது கட்டத்தின், வலது ஓரத்தில் வைக்கும், எழுத்தை இடது ஓரத்தில் வைக்கும். நீங்களாக நடுவில் நிறுத்தியிருந்தால் அதை எடுத்துவிட்டு, பத்தியை மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் கூட்டலில் சேராதவை. ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தால் கண்ணை நம்ப வேண்டாம். 'கவுன்ட்ஏ' சூத்திரம் காலியில்லாத செல்கள் எத்தனை என்று சொல்லும், 'கவுன்ட்' எண்களை மட்டும் எண்ணும். தலைப்பை விட்டுவிட்டு ஒரே பத்திக்கு இரண்டையும் போட்டுப் பாருங்கள். 812-ம் 809-ம் வந்தால், மூன்று செல் உங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

சரிசெய்வது அதைவிடச் சுலபம். கன்ட்ரோலோடு ஹெச் அழுத்தி, தேடும் இடத்தில் /- என்று போட்டு, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு, 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். அதற்குப் பிறகும் ஏதாவது இடப்பக்கமே நின்றால், பத்தியைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து, ஒன்றையும் மாற்றாமல் 'ஃபினிஷ்' அழுத்துங்கள். பெரும்பாலும் எண்ணாகிவிடும். ஒட்டும்போது வந்த அந்த இடைவெளி மட்டும் இதற்கும் அசையாமல் இருக்கலாம். அந்த இடைவெளியையே நகலெடுத்து, கன்ட்ரோல் ஹெச்சில் தேடும் இடத்தில் ஒட்டி, மறுபடி காலியாக மாற்றுங்கள்.

தேதிக் குழப்பமும் இதன் தம்பிதான். எக்ஸெல்லுக்குத் தேதியும் ஓர் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு அது எண்ணிக்கொண்டே வருகிறது. 2025 ஏப்ரல் 1 அதற்கு 45748. உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/04/2025 என்று நீங்கள் அடித்த ஏப்ரல் 5-ஐ அது மே 4 ஆக்கிவிடும். 13/04/2025 அடித்தால், 13-வது மாதம் ஏது என்று எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே மாதத்தில் பாதி தேதி தப்பு, பாதி தேதி தேதியே இல்லை. விண்டோஸில் 'ரீஜன்' அமைப்பை 'இங்கிலீஷ் இந்தியா' என்று மாற்றுங்கள். 1,234,567 என்று காட்டிக்கொண்டிருந்த தொகைகள் 12,34,567 என்று லட்சக் கணக்கில் தெரிவது இதன் உபரி லாபம். ஆனால் ஏற்கெனவே மே மாதத்துக்குப் போய்விட்ட ஏப்ரல் தேதிகள் தானாகத் திரும்பி வராது. பில்லை வைத்துக்கொண்டு கையால்தான் திருத்த வேண்டும். இனி இன்றைய தேதிக்குக் கன்ட்ரோலோடு அரைப்புள்ளியை அழுத்துங்கள், தட்டச்சே வேண்டாம்.

சரி, அந்த அரை நாள் வேலைக்கு வருவோம். உண்மையான கோளாறு அங்கேதான்.

பழைய கடைகளில் சிட்டை ஒன்று, பேரேடு ஒன்று இருக்கும். அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்துப் பதிவது பேரேடு. கணக்குப்பிள்ளை ராத்திரி உட்கார்ந்து சிட்டையைப் பேரேட்டுக்கு மாற்றுவார். நீங்கள் எக்ஸெல்லில் செய்துகொண்டிருப்பது என்ன? சிட்டை எழுதாமல் நேராகப் பேரேட்டில் கை வைக்கிறீர்கள். கடைக்கு ஒரு பத்தி, மாதத்துக்கு ஒரு ஷீட் என்பது பேரேட்டின் வடிவம். காகிதத்தில் அது சரி. எக்ஸெல்லில், பிரித்துப் பதியும் வேலையை நொடியில் செய்யக்கூடிய கணக்குப்பிள்ளையைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டு அவர் வேலையையும் நீங்களே பார்க்கிறீர்கள்.

ஆகவே ஒரே ஒரு ஷீட். பெயர் 'சிட்டை'. தேதி, கடை, வகை, பில் எண், பற்று, வரவு, குறிப்பு என ஏழு பத்திகள். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. சரக்கு போனால் வகையில் 'விற்பனை', தொகை பற்றில். பணம் வந்தால் 'வசூல்', தொகை வரவில். முதல் 60 வரிகளில் ஒவ்வொரு கடைக்கும் 'பழைய பாக்கி'. மாதம் மாறினாலும் வருடம் மாறினாலும் கீழே கீழே எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். நடுவில் காலி வரி விடாதீர்கள், மாத மொத்தம் போடாதீர்கள், அழகுக்காகச் செல்களை ஒன்றாக இணைக்காதீர்கள். பணம் தராதவருக்கு மஞ்சள் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நிறத்தைச் சூத்திரம் படிக்காது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் குறிப்புப் பத்தியில் ஒரு சொல்லாக எழுதுங்கள்.

இரண்டு வரி எழுதியதும் உள்ளே எங்காவது நின்று கன்ட்ரோலோடு டி அழுத்துங்கள். எக்ஸெல் அதை 'டேபிள்' ஆக்கிக்கொள்ளும். புது வரி எழுதினால் டேபிள் தானே நீளும், சூத்திரமும் கூடவே இறங்கும். எட்டாவதாக 'நிகரம்' என்று ஒரு பத்தி சேர்த்து, பற்றிலிருந்து வரவைக் கழிக்கும் சூத்திரத்தை ஒரு செல்லில் போட்டால் பத்தி முழுக்க நிரம்பிவிடும்.

டேபிளை இவ்வளவு வற்புறுத்த எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 400 பேர் கொண்ட ஒரு பட்டியலில் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்ஸெல் கேட்டது. படிக்காமல் வேறு பட்டனைத் தட்டினேன். பெயர்கள் நகர்ந்தன, தொகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, நானும் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஒருவர் பணம் இன்னொருவர் பெயரில் இருந்தது மறுநாள்தான் தெரிந்தது. டேபிளுக்குள் இந்த விபத்து நடக்காது, வரி முழுவதும் சேர்ந்தேதான் நகரும்.

அடுத்து கடைப் பெயர். நீங்கள் 'மேட்டுத்தெரு அண்ணாச்சி' என்று ஒரு நாளும் 'அண்ணாச்சி மேட்டுத்தெரு' என்று மறுநாளும் எழுதினால் எக்ஸெல்லுக்கு அவர் இரண்டு ஆள். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தால் சில இடங்களில் மூன்றாவது ஆளும் பிறப்பார். 'கடைகள்' என்று இன்னொரு ஷீட் போட்டு 60 பெயரையும் ஒரு முறை எழுதி அதையும் டேபிள் ஆக்குங்கள். பிறகு சிட்டையின் கடைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா வேலிடேஷன்' போய், 'லிஸ்ட்' என்று கொடுத்து அந்தப் பெயர்களைக் காட்டுங்கள். இனி அந்தப் பத்தியில் பட்டியலில் உள்ள பெயரைத்தான் அடிக்க முடியும். வகைப் பத்திக்கும் இதையே செய்யுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அடிப்பதைத்தான் இது தடுக்கும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் காவல்காரரைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

இப்போது பேரேடு. சிட்டைக்குள் ஒரு செல்லில் நின்று 'இன்சர்ட்' மெனுவில் 'பிவட் டேபிள்' அழுத்துங்கள். புது ஷீட் திறக்கும், வலப்பக்கம் உங்கள் பத்திகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். 'கடை'யை இழுத்து 'ரோஸ்' பெட்டியில் போடுங்கள். 'நிகரம்'-ஐ 'வேல்யூஸ்' பெட்டியில் போடுங்கள். அவ்வளவுதான். 60 கடையும், எதிரே பாக்கியும், கீழே மொத்தமும் வந்துவிடும். அரை நாள் வேலை இதுதான். ஏதாவது ஒரு தொகையில் சந்தேகம் வந்தால் அதன்மேல் இரண்டு முறை தட்டுங்கள், அது எந்தெந்த வரிகளால் ஆனது என்று தனி ஷீட்டில் பிரித்துக் காட்டும். அண்ணாச்சி வந்து 'எப்படி இவ்வளவு பாக்கி?' என்று கேட்கும்போது அதைத் திருப்பிக் காட்டலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொரு பிவட்டும் வைத்துக்கொள்வேன். வகையை 'ஃபில்டர்ஸ்' பெட்டியில் போட்டு 'வசூல்' மட்டும் தேர்ந்தெடுத்து, கடையை 'ரோஸ்' பெட்டியில், தேதியை 'வேல்யூஸ்' பெட்டியில் போட்டு, கணக்கிடும் முறையை 'மேக்ஸ்' என்று மாற்றுவேன். ஒவ்வொரு கடையும் கடைசியாக என்றைக்குப் பணம் கொடுத்தது என்று தெரியும். 45748 போல ஏதோ எண் வந்து நின்றால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன அதே தேதி எண்தான். செல்லின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும். எவ்வளவு பாக்கி என்பதைவிட எத்தனை நாளாகப் பாக்கி என்பதுதான் கடன் வியாபாரத்தில் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் என்பது என் எண்ணம்.

பிவட்டில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: சிட்டையில் புதிதாக எழுதியது பெரும்பாலான எக்ஸெல் பதிப்புகளில் பிவட்டில் உடனே தெரியாது. வலது கிளிக் செய்து 'ரிஃப்ரெஷ்' கொடுத்த பிறகே தெரியும். கொடுக்க மறந்துவிட்டு, பணம் கட்டியவரிடமே போய் பாக்கி கேட்டு நிற்காதீர்கள்.

ஒரு ஷீட்டில் எவ்வளவுதான் எழுதலாம்? 10,48,576 வரிகள். நாளைக்கு 100 வரி, வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் முப்பது வருடத்துக்கு மேல் தாங்கும். ஆனால் உங்கள் ஃபைல் பெயர் 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 'எக்ஸ்எல்எஸ்' என்று முடிந்தால் அது 2007-க்கு முந்தைய வடிவம், 65,536 வரிதான் கொள்ளும். 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளை இந்தப் பழைய வடிவத்தில் சேர்த்து, இடம் போதாமல், 15,841 தொற்றாளர்கள் உரிய நேரத்தில் கணக்கில் வராமலே போனார்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புது வடிவத்தில் சேமித்தால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மென்பொருள் கேள்விக்கு நேர்ப் பதில்: பாக்கிக் கணக்குக்கு மட்டும் என்றால் இப்போது வேண்டாம். ஜிஎஸ்டி பில்லும் சரக்கு இருப்பும் ஒரே இடத்தில் ஓட வேண்டும் என்றாலோ, இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பில் போட வேண்டும் என்றாலோ டேலி போன்றவற்றுக்குப் போங்கள். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு வேறு சட்டம். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடத்தை அழியாமல் பதியும் கணக்கு மென்பொருளைத்தான் அவர்கள் பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சாதாரண எக்ஸெல் ஃபைல் அதற்குப் போதாது. தனிநபர் கடைக்கு இந்த விதி கிடையாது. எக்ஸெல்லுக்கே பணம் கட்டத் தயக்கம் என்றால், நான் சொன்னதில் கிட்டத்தட்ட எல்லாமே கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆஃபீஸிலும் இலவசமாகக் கிடைக்கும். மெனு இருக்கும் இடமும் டேபிள் போன்ற சில வசதிகளும் மாறும்.

பழைய 36 ஷீட்டையும் புது வடிவத்துக்கு மாற்ற உட்கார்ந்துவிடாதீர்கள். அது முடியாது, அதில் அலுத்துப்போய் புதுசையும் விட்டுவிடுவீர்கள். அவற்றை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, வரும் ஒன்றாம் தேதியிலிருந்து சிட்டையைத் தொடங்குங்கள்.

உங்கள் மனைவிக்கும் இதே சிட்டைதான். கடைக்குப் பதில் பால், கரன்ட், பள்ளிக்கூடம், மருந்து என்ற தலைப்புகள். அதில் சீட்டு இருந்தால் இன்னொரு வேலையும் பார்க்கலாம். தனியாக ஓர் இடத்தில், ஒரு பத்தியில் தேதி, பக்கத்துப் பத்தியில் தொகை. கட்டிய பணத்தைக் கழித்தல் குறியோடும் எடுத்த பணத்தைக் குறியில்லாமலும் எழுதி, 'எக்ஸ்ஐஆர்ஆர்' சூத்திரத்துக்கு முதலில் தொகைகளையும் பிறகு தேதிகளையும் கொடுங்கள். கடைசியில் எடுத்தவருக்கு அது வருட வட்டியாக என்ன கிடைத்தது என்று சொல்லும். முதல் மாதத்திலேயே எடுத்தவருக்கு என்ன வட்டி கொடுத்தார் என்று சொல்லும். நடுவில் எடுத்தவர்களுக்கு மட்டும் அந்த எண் குழப்பும், நம்ப வேண்டாம். வந்த விடையை வங்கியின் தொடர் வைப்பு வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டில் சேருவதா என்று அவரே முடிவு செய்யட்டும்.