விசுவாசமும் சபையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நெல்லையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் குழந்தையிலேயே எனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. கல்யாணமாகி ஏற்காடு வந்திருக்கிறேன். பக்கத்து ஜெபக்கூட்டத்தில், "தெளித்தது செல்லாது, முழுகி எடுத்தால்தான் இரட்சிப்பு" என்கிறார்கள். மறுபடி எடுக்கலாமா? இங்கே சபையில் சேர என்ன செய்வது?
வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம் சகோதரி. தண்ணீரால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்திருந்தால் அது முழுமையான ஞானஸ்நானம். தண்ணீரின் அளவு அதைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. "ஒரே ஞானஸ்நானம்" என்பது எபேசியர் 4:5. சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கராக மாறினாலும் அங்கே திரும்பக் கொடுப்பதில்லை.

அந்த நண்பர்களோடு சண்டை வேண்டாம். விசுவாசத்தை அவரவர் வாயால் அறிக்கையிட வேண்டும் என்ற அவர்கள் ஆதங்கம் நியாயமானதே. அதற்கு நம் சபையில் உள்ள இடம் திடப்படுத்தல். உங்களுக்காக அன்று மற்றவர்கள் சொன்ன வாக்குறுதியை, பேராயர் முன் நீங்களே சொல்லி ஏற்கிறீர்கள். அது ஆகாமல் இருந்தால் ஆயரிடம் சொல்லி ஆயத்த வகுப்பில் சேருங்கள்.

சேர்வதற்கு, பழைய சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்குங்கள். ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி, சந்தா எதுவரை கட்டியிருக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பலர் சிக்குவது பெயரில்தான். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். பத்து வருஷம் கழித்து, மகன் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் அலைவார்கள். இப்போதே இரண்டு பெயரையும் கடிதத்தில் குறிக்கச் சொல்லிவிடுங்கள். கடிதத்தை நேரில் கொடுத்து, குடும்பம் மொத்தத்தையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்களா என்று பாருங்கள். கோயிலுக்குத் தவறாமல் போய்வந்தால் மட்டும் பெயர் ஏறாது.

ஆராதனை முறை கொஞ்சம் வேறாகத் தெரிந்தால் கலங்காதீர்கள். நெல்லை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபு; சேலம் வட்டாரம் பெரும்பாலும் லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கத்தின் வழி வந்தது. 27.9.1947 அன்று இந்த மரபுகளும் மெதடிஸ்டுகளும் இணைந்தே தென்னிந்தியத் திருச்சபை ஆனது.

கேள்வி: ஒரே கடவுள் என்கிறீர்கள், மூன்று பெயரும் சொல்கிறீர்கள். எது சரி?
வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: இரண்டும் சரி. கடவுள் ஒருவரே, அந்த ஒரே தெய்வத்தன்மையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்கள். 4-ஆம் நூற்றாண்டில் ஆரியு என்ற குரு, குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என அறிக்கையிட்டார்கள். காரணம் எளிது: படைக்கப்பட்ட ஒருவரால் மனிதரைப் பாவத்திலிருந்து மீட்க முடியாது. இன்று ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் விரிவாக்கப்பட்ட வடிவத்தைத் தழுவியது.

அதில் பொந்தியு பிலாத்துவின் பெயர் வருவதைக் கவனியுங்கள். நல்லவர் என்பதற்காக அல்ல. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநர் அவர். சிலுவை மரணம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில் நடந்தது என்று அந்தப் பெயர் சாட்சி சொல்கிறது.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். பிள்ளைக்கு ஞானத்தாயாக சி.எஸ்.ஐ. தோழியை வைக்கலாமா?
வாசகி, சூரமங்கலம்

பதில்: ஞானத்தாயாக முடியாது. ஞானப்பெற்றோர் பொதுவாக 16 வயது நிறைந்த, உறுதிப்பூசுதலும் (திடப்படுத்தலின் கத்தோலிக்கப் பெயர்) நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும்; பெற்ற தாய் தகப்பன் ஆகக்கூடாது. ஒருவரே போதும். அந்த ஒருவர் கத்தோலிக்கராக இருந்தால், உங்கள் தோழி சாட்சியாக உடன் நிற்கலாம். திருமுழுக்கு நாளுக்கு முன்பே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேலை போனதால் சபைச் சந்தா பாக்கி. திருவிருந்தில் சேரலாமா?
வாசகர், ஆத்தூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். சந்தா திருவிருந்துக்குக் கட்டணம் அல்ல. பாக்கி இருந்தால் பாதிக்கக்கூடியது வாக்காளர் பட்டியலும் கமிட்டித் தேர்தலும்தான். அதன் விதியைச் சபை அலுவலகத்தில் கேளுங்கள். வெட்கப்பட்டுக் கோயிலுக்கு வராமல் நின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு. ஆயரிடம் தனியாக நிலைமையைச் சொல்லுங்கள். முடிந்த தொகையைக் கவரில் போடுங்கள், பத்து ரூபாயானாலும் ரசீது வாங்குங்கள்.